பழைய வேக்குவம் கிளீனரா, பழைய புல்வெட்டியா?

முதல் தடவையாகப் பழைய இயந்திரம் ஒன்றைச் சீர்செய்யப் போகிறீர்கள் என்றால், கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியைத்தான் சொல்வேன். 1830-ல் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கிய அதே அடிப்படைதான் இன்றும்: சுழலும் பிளேடுகள், கீழே அசையாத ஒரு பிளேடு. துருவைச் சுரண்டி, பிளேடுகளில் சாணைப் பசையைத் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் இரண்டும் உரசிக் கூர்மையாகிவிடும், அப்புறம் காகிதத்தை நீட்டிப் பாருங்கள், கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். இடம்தான் அடைக்கும்.

வேக்குவம் கிளீனர் அலமாரியில் அடங்கிவிடும், பளபளப்பும் அதிகம், சரி. ஆனால் மின்சாரம் விளையாட்டல்ல. பழைய வயரின் ரப்பர் உறை பெரும்பாலும் நொறுங்கியிருக்கும், அதை மாற்றாமல் பிளக்கைச் சொருகவே கூடாது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மோட்டார் தீப்பொறி கக்கும். அளவு பொருந்தும் பிரஷ் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.