தினமும் எண்ணெயா, சனிக்கிழமை மட்டுமா?

எங்கள் வீடு கோயம்புத்தூரில். பக்கத்து வீட்டுச் சேச்சி பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். நடுவில் ஒரு மதில்தான், ஆனால் இரண்டு பக்கமும் காலை வேறு வேறு மாதிரி விடியும். சேச்சி தினமும் குளிக்கப் போவதற்கு முன் உச்சந்தலையிலும் காது மடலிலும் உள்ளங்காலிலும் எண்ணெய் வைப்பார். குளித்துத் துவட்டியதும் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியை உச்சியில் தேய்ப்பார். நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க அது. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் சனிக்கிழமை. "தெனமும் எண்ண வெச்சா சளி புடிச்சுக்கும் கண்ணு" என்பது எங்கள் பாட்டி, அதாவது அம்மிச்சியின் தீர்ப்பு.

யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்தேன், படித்தும் பார்த்தேன். காலை வழக்கம் ஒன்றை ஆயுர்வேத முறைப்படி அமைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் எண்ணெயைப் பற்றி விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

நூல் என்ன சொல்கிறது, நம் மரபு என்ன சொல்கிறது

அன்றாட ஒழுங்குக்கு ஆயுர்வேதத்தில் தினசர்யா என்று பெயர். வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அதுதான். எண்ணெய் தேய்ப்பை, அதாவது அப்பியங்கத்தை, தினமும் செய் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. முதுமை, களைப்பு, வாதம் மூன்றையும் அது தணிக்கும். (வாதம், பித்தம், கபம் என்று ஆயுர்வேதம் சொல்லும் மூன்று தோஷங்களில் ஒன்று இந்த வாதம்.) தலை, காது, பாதம் இவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். சேச்சி தொடும் மூன்று இடங்களும் இவையே. அவர் எந்த நூலையும் படித்தவரில்லை, அவருடைய அம்மா செய்ததைச் செய்கிறார்.

தமிழ்நாட்டுச் சித்த மரபில் கணக்கு வேறு. தேரையர் என்ற சித்தரின் பெயரில் வழங்கும் நோயணுகா விதிப் பாடல் நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்கிறது, அதுவும் வெந்நீரில். வீட்டு வழக்கத்தில் அது ஆண்களுக்குப் புதன், சனி என்றும் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்றும் ஆகி, வேலைக்குப் போகும் இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறையாகச் சுருங்கிவிட்டது.

இரண்டையும் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இவை ஒரே வேலையை அடிக்கடி செய்வதா, எப்போதாவது செய்வதா என்ற வித்தியாசம் இல்லை. வேலையே வேறு.

சனிக்கிழமைக் குளியலை நினைத்துப் பாருங்கள். நல்லெண்ணெயில் நாலு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு, மிளகு வெடிக்கும் வரை காய்ச்சி, ஆறவைத்து, கை பொறுக்கும் சூட்டில் தலை நிறைய வைப்பது. உச்சியில் அம்மிச்சி தட்டும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். எண்ணெய் புருவத்துக்கு இறங்கி, கண்ணோரம் எரிய ஆரம்பிக்கும்போது "கண்ண மூடிக்கோ" என்பார். அரை மணி ஊறி, கஞ்சித் தண்ணீரில் குழைத்த சீயக்காய் போட்டு அலசி, மிளகு ரசமும் பருப்புத் துவையலும் சூடான சோறும் சாப்பிட வேண்டும். அன்றைக்குத் தயிர் கிடையாது, பகல் தூக்கம் கூடவே கூடாது. ஒரு நாள் முழுவதையும் எண்ணெய்க்காக ஒதுக்கி வைக்கும் வழக்கம் இது.

தினசரி எண்ணெய் அப்படியில்லை. மெல்லிய பூச்சு, பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு குளியல், பிறகு வேலை. உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. என் வீட்டில் அளந்து பார்த்ததில் உடம்பு முழுக்கத் தேய்க்க ஒரு நாளைக்கு 25 மில்லி போதுமாக இருந்தது. சனிக்கிழமை முழுக்குக்கு 75 மில்லி ஆகிறது.

சிக்கல் வருவது இரண்டையும் குழப்பும்போது. தினமும் தேய்க்கிறேன் என்று ஆரம்பித்து, சனிக்கிழமை அளவுக்குத் தலையில் ஊற்றி, நேரமில்லாமல் ஈரத்தலையோடு வண்டியில் ஏறிப் போனால் தலை கனக்கத்தான் செய்யும். நான் முதல் வாரம் செய்தது அதுதான். மூன்றாம் நாள் மூக்கு அடைத்துக்கொண்டது, அம்மிச்சி சொன்னது பலித்தது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எண்ணெய் தடவி, ஷாம்பூ போட்டு அலசி, மதியம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் தூங்குவது. அதை எண்ணெய்க் குளியல் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

யாருக்கு எது

தோல் வறண்டு, முழங்காலில் சொடுக்குச் சத்தம் கேட்டு, இரவில் தூக்கம் சரியில்லாதவர்களை வாத உடம்பு என்பார்கள். இவர்களுக்குத் தினசரி எண்ணெய்தான் என் தேர்வு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் எனக்கு உதடும் குதிகாலும் வெடித்துவிடும். தினமும் தேய்த்த வருடம் குதிகால் வெடிக்கவில்லை. என் ஒரு உடம்பின் அனுபவம் இது, அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தை நடக்கும்போது காலில் உணர்ந்தேன்.

சளி எளிதில் பிடிப்பவர்கள், உடல் கனமானவர்கள், காலையில் மந்தமாக எழுகிறவர்கள் கப உடம்புக்காரர்கள். இவர்களுக்கு அதே நூல் தினசரி எண்ணெயைத் தடுக்கிறது. கபம் மிகுந்தவரும் அஜீரணத்தில் இருப்பவரும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று, "தினமும் செய்" என்ற வரியை ஒட்டியே எழுதியிருக்கிறது. பரிந்துரைப்பவர்கள் முதல் வரியைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கப உடம்புக்காரர்களுக்கு உலர்ந்த பொடித் தேய்ப்பு பொருந்தும். வறுத்து அரைத்த கொள்ளுப் பொடியைக் காலிலிருந்து மேல்நோக்கித் தேய்த்துக் குளித்தால் உடம்பு இலேசாக இருக்கும். கபத்தையும் கொழுப்பையும் கரைக்க அந்த நூல் சொல்வதும் பொடித் தேய்ப்பைத்தான். எண்ணெயை இவர்கள் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் வெயில் நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து.

தலையில் பொடுகு செதில் செதிலாக உதிர்ந்தால் அது வறட்சியென்று நினைத்து மேலும் எண்ணெய் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த வகைப் பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயில்தான் வளரும். அவர்கள் தலையை விட்டு உடம்புக்கும் பாதத்துக்கும் மட்டும் தேய்த்துக்கொள்ளட்டும்.

நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா

உடம்புச் சூடு தணிய நல்லெண்ணெய் என்பது நம் வீட்டுப் பேச்சு. ஆயுர்வேதக் கணக்கில் நல்லெண்ணெய் உஷ்ணம், தேங்காய் எண்ணெய்தான் குளிர்ச்சி. இரண்டு மரபும் இங்கே முட்டிக்கொள்வதுபோல் தெரிகிறது. நான் எடுத்துக்கொண்ட வழி இது: வாதத்துக்கும் மழை, பனிக் காலத்துக்கும் நல்லெண்ணெய், கண் எரிச்சல், உள்ளங்கை எரிச்சல் என்று பித்தம் காட்டுகிறவர்களுக்கும் சித்திரை வெயிலுக்கும் தேங்காய் எண்ணெய். சேச்சி கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை வருடம் முழுக்க வைக்கிறார். அவருக்கு ஒத்துக்கொள்கிறது. மார்கழியில் அது எனக்குத் தலைவலி கொண்டுவந்தது.

குளிக்கும் தண்ணீரிலும் ஒரு முரண் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே வெந்நீர் பலம் தரும், தலையில் வெந்நீர் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்கிறார் வாக்படர். நம் எண்ணெய் முழுக்கிலோ தலையிலும் வெந்நீர்தான். வெறும் பச்சைத் தண்ணீரில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு போகாது என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். உடம்புக்கு வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பு என்று இரண்டு வாளி வைத்தால் இரண்டு பேரும் சொன்னபடி ஆயிற்று.

எழும் நேரம்

பிரம்ம முகூர்த்தம் என்றால் பலரும் நாலரை மணி என்று அலாரம் வைத்துவிடுகிறார்கள். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரியன் உதிப்பதற்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், அதாவது 1 மணி 36 நிமிடம் முன்னால் தொடங்கி, 48 நிமிடம் முன்னால் முடிவது அது. சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் சுமார் 5.40-க்கு உதிக்கும், ஜனவரி கடைசியில் சுமார் 6.35-க்கு. ஆகவே அந்த நேரமே வருடத்துக்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகர்கிறது.

அதைவிட முக்கியம், அப்போது எழச் சொல்லியிருப்பது ஆரோக்கியமாக இருப்பவரை. இரவு பன்னிரண்டுக்குப் படுக்கிற ஒருவர் நாலரைக்கு எழுவதா, ஆறரைக்கு எழுவதா என்றால் ஆறரைதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. அதில் கை வைத்துவிட்டு மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்து பயன் என்ன? சீக்கிரம் எழ விரும்புகிறவர் முதலில் மாற்ற வேண்டியது இரவுச் சாப்பாட்டு நேரத்தை.

பல்லும் வாயும்

வேப்பங்குச்சியா, பிரஷ்ஷா? ஃப்ளோரைடு பேஸ்ட்டும் பிரஷ்ஷும்தான், தயங்காமல் சொல்வேன். குச்சியின் கசப்பும் துவர்ப்பும் வாய்க்கு நல்ல உணர்வு தரும், ஆனால் சரியாக மெல்லாத நார் ஈறைக் கிழிக்கும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற சொல் பிறந்த காலத்தில் இத்தனை சர்க்கரை நம் வாயில் இல்லை.

எண்ணெய்க் கொப்பளிப்பு பற்றி ஒரு வார்த்தை. வாய் நிறைய வைத்து அசைக்காமல் இருப்பது கண்டூஷம், அசைத்துக் கொப்பளிப்பது கவளம். இன்று எல்லோரும் செய்வது இரண்டாவதை. வாய் வறட்சிக்கும் ஈறுக்கும் இதம். பல் துலக்குவதற்கு மாற்றாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். அதனால் குழந்தைகளுக்கும், விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம். பச்சைக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக நிறுத்த வேண்டும். நாக்கு வழிப்பது மட்டும் எல்லோருக்கும் பொது. செம்போ எஃகோ, முனை மழுங்கலாக இருந்தால் போதும்.

ஓட்டமா, நடையா

பாதி பலத்துக்குப் பயிற்சி செய் என்கிறது ஆயுர்வேதம். நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாய் வழியாக மூச்சு வாங்க ஆரம்பித்தால் பாதி பலம் முடிந்தது என்று பொருள். அதுவும் பனிக் காலத்துக்கும் இளவேனிலுக்கும்தான், மற்றப் பருவங்களில் இன்னும் குறைவு. இளைஞர்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றலாம். ஐம்பதைத் தாண்டி, பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு, திடீரென்று ஓட ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

தேய்ப்பதற்கு முன்

எண்ணெய்க் காலோடு குளியலறை ஓட்டுத் தரையில் நடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. எங்கள் உறவில் ஒரு பெரியம்மா அப்படி வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். உள்ளே ஒரு முக்காலி போட்டு, பாதத்துக்கு உட்கார்ந்த நிலையில் கடைசியாகத் தேய்த்து, எழுவதற்கு முன் துண்டால் துடைத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் கால் விரல் இடுக்கில் எண்ணெய் தங்கவிடக் கூடாது. ஆனால் தினமும் பாதத்தைத் தொட்டுத் தேய்ப்பதால் அவர்களுக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. கால் மரத்துப்போனவர்கள் தெரியாமல் விட்டுவிடும் சிறு புண்ணும் கொப்புளமும் கண்ணில் பட்டுவிடும். காதில் சீழோ, செவிப்பறையில் ஓட்டையோ இருந்தால் காதுக்குள் ஒரு சொட்டும் விட வேண்டாம். காய்ச்சல் உள்ள நாளில் இரண்டு வகையும் கிடையாது.

இப்போது என் காலை இப்படி. ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல், நாக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிட நடை. வேர்வை அடங்கியதும் இட்லிப் பானைப் பக்கத்தில் வைத்துச் சூடான கிண்ணத்திலிருந்து முழங்கால், இடுப்பு, பாதத்துக்கு மட்டும் பத்து நிமிடம் எண்ணெய், பிறகு குளியல். திங்கள் முதல் வெள்ளி வரை தலைக்கு எண்ணெய் இல்லை. முழு உடம்புக்கும் தினமும் தேய்க்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை, ஆடி மாதம் தவிர.

சனிக்கிழமை அம்மிச்சியினுடையது. அவருக்குக் கை நடுங்குவதால் இப்போது மிளகு வெடிக்கக் காய்ச்சுவது நான், அவர் உச்சியில் தட்டுவதும் நான். போன மாதம் ராஸ்னாதிப் பொடி டப்பா ஒன்று வாங்கி வந்தேன். குளித்து வந்து உட்கார்ந்தவரின் உச்சியில் ஒரு சிட்டிகை தேய்த்தபோது, "இது அந்தச் சேச்சி வூட்டு வாசமாச்சே" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.