ஒரே கணினியில் லேனும் வைஃபையும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் நான் பயன்படுத்தும் விண்டோஸ் 10 கணினி, ஒரே நேரத்தில் இரண்டு நெட்வொர்க்குகளில் இணைந்திருக்கிறது. வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகள் இருக்கும் சர்வருக்கு, பழைய ரூட்டர் ஒன்றின் வழியே லேன் (அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் நெட்வொர்க்) கேபிள். வரித் தாக்கலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஃபைபர் இணைப்பின் வைஃபை. சர்வர் இணையத்தைத் தொடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரண்டையும் தொடும் கணினியே ஒரு ஓட்டைதானே என்று கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் சிறிய அலுவலகத்தில் மேசைக்கு இரண்டு கணினி வைப்பது நடக்கிற காரியமில்லை.

ஒழுங்காக அமைத்தால் இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி ஓடுகிறது. அமைக்காமல் விட்டால், கேபிளைச் செருகியதுமே இணையம் போய்விடும். எங்களுக்கு அது முழுதாகப் போகவில்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்: கூகுளும் யூடியூபும் திறந்தன, ஆனால் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் வேறு சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. பார்க்க வந்த தொழில்நுட்பப் பணியாளர் பிரவுசரை அழித்து மறுபடி நிறுவினார். அதனால் எதுவும் மாறவில்லை. ஃபைபர் இணைப்பில் ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு; பழையது ஐபிவி4) இருந்ததால், அதை ஆதரிக்கும் தளங்கள் வைஃபை வழியே சரியாகச் சென்றன. ஐபிவி4 மட்டும் உள்ள தளங்களுக்கான போக்குவரத்தோ லேன் கேபிள் வழியே, இணையமே இல்லாத பழைய ரூட்டரிடம் போய் நின்றது.

கமாண்ட் பிராம்ப்டில் 'ரூட் பிரிண்ட்' கட்டளையை ஓட்டினால் காரணம் தெரிந்துவிடும். தனி வழி குறிக்கப்படாத போக்குவரத்து எல்லாம் எங்கே போகும் என்று காட்டும், 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும்; எங்கள் கணினியில் இரண்டு இருந்தன. ஒன்றில் கேட்வே (வெளியே செல்லும் வாசலான ரூட்டரின் முகவரி) 192.168.10.1, மெட்ரிக் (வழியின் முன்னுரிமை எண்) 25. அது பழைய ரூட்டர். மற்றொன்றில் 192.168.0.1, மெட்ரிக் 35. அது ஃபைபர் மோடம். மெட்ரிக் குறைவாக உள்ள வழியையே விண்டோஸ் தேர்ந்தெடுக்கும். தானாக மெட்ரிக் தரும்போது அது இணைப்பின் வேகத்தைப் பார்க்கிறதே தவிர, அந்தப் பக்கம் இணையம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதனால்தான் ஜிகாபிட் லேனுக்கு 25 கிடைத்து, வைஃபை பின்தங்கியது. போக்குவரத்து கடக்கும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் 'டிரேஸ்ரூட்' (tracert) கட்டளையில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியைக் கொடுத்தபோது முதல் வரியிலேயே பழைய ரூட்டரின் முகவரி வந்தது. அதற்குக் கீழே வெறும் நட்சத்திரக் குறிகள். இரண்டு இணைப்புகள் இருந்தால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்களுக்கும் 'ரூட் பிரிண்ட்' பட்டியலைத்தான் காட்டுகிறேன்: மெட்ரிக் குறைந்த ஒரு வழியில்தான் போக்குவரத்து போகிறது.

தீர்வாகப் பலரும் சொல்வது, தானியங்கி மெட்ரிக்கை நீக்கிவிட்டு வைஃபைக்கு 10, லேனுக்கு 50 என்று கைப்பட எழுதுவது. அது வேலை செய்யும், ஆனால் எனக்குத் திருப்தியில்லை. வைஃபை அறுந்தால் போக்குவரத்து மறுபடி பழைய ரூட்டரிடம் போகும். பிழை உடனே தெரியாமல் பிரவுசர் வெகுநேரம் காத்திருக்கும். லேன் அடாப்டருக்கு நிலையான ஐபி முகவரியும் சப்நெட் மாஸ்க்கும் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க் பகுதியில், அதாவது சப்நெட்டில், அடங்கும் என்று சொல்லும் எண்) மட்டும் கொடுத்து, கேட்வே, டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) பெட்டிகளைக் காலியாக விடுவதே நான் பரிந்துரைக்கும் முறை. சர்வர் அதே சப்நெட்டில் இருப்பதால் அதை அடைய கேட்வே தேவையில்லை. பழைய ரூட்டருக்கு அப்பால் வேறொரு சப்நெட்டையும் அணுக வேண்டியிருந்தால், அதற்கு மட்டும் 'ரூட் ஆட்' கட்டளையில் '-பி' (-p) சேர்த்து நிரந்தர வழி எழுதலாம். இரண்டு பக்கமும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் இவை எதுவும் பயன்படாது. முதலில் ஒரு ரூட்டரின் முகவரி வரிசையை மாற்றியாக வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று குறித்துப் பப்ளிக் வகையில் சேர்க்கிறது, ஃபயர்வால் இறுகுகிறது. என் கணினியில் யூஎஸ்பி வழியே இணைத்துப் பகிர்ந்திருந்த பிரிண்டரில், பக்கத்து மேசையிலிருந்து அச்செடுக்க முடியாமல் போனது இதனால்தான். 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யில் உள்ள 'நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பாலிசிஸ்' பகுதியில், அடையாளம் தெரியாத நெட்வொர்க்குகளைப் பிரைவேட் என்று மாற்றியதும் அச்சு வந்தது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை. வாங்கும்போதே புரோ பதிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. கணினி எங்கெங்கோ சுற்றும் மடிக்கணினியாக இருந்தால் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம்.

லேன் பக்கம் டிஎன்எஸ் இல்லாததால் சர்வரின் பெயரையும் முகவரியையும் கணினியிலேயே உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்திருக்கிறோம். சர்வரின் முகவரி மாறாத வரை அதைத் தொடவே வேண்டாம்.

அவ்வப்போது தலைதூக்கும் சிக்கல் போன் டெதரிங் (போனின் டேட்டாவைக் கணினிக்குப் பகிர்வது) மட்டும்தான். ஃபைபர் படுத்துவிட்ட நாட்களில் யூஎஸ்பி கேபிளில் போனை இணைத்தால், விண்டோஸ் அதையும் கம்பி இணைப்பாகவே எண்ணி வைஃபையைவிடக் குறைந்த மெட்ரிக் தருகிறது. ஃபைபர் திரும்பிய பிறகும், சார்ஜுக்காகச் செருகியே வைத்திருக்கும் போனின் டேட்டாதான் கரைகிறது. அந்த அடாப்டருக்கு மட்டும் மெட்ரிக் 60 என்று கைப்பட எழுதியிருக்கிறேன். வேறொருவரின் போனைச் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய அடாப்டராக எடுத்துக்கொள்ளும். மெட்ரிக்கை மறுபடியும் எழுத வேண்டும்.