சிம்பையோடு நான்கு வருடம்: ஒரு பனியன் கம்பெனி அனுபவம்

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் பிளானிங் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஆர்டர் நகரும் வழியை பிபிஎம்என் படமாக (வேலை படிப்படியாக நகர்வதைக் காட்டும் வரைபடம்) வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தோம். பார்க்க அழகுதான். டையிங்கில் துணி நான்கு நாள் தங்கிவிட்டால் ஷிப்மென்ட் என்னாகும் என்று கேட்டால் படம் வாய் திறக்காது. அதற்காகத்தான் சிம்பைக்கு வந்தேன். வேலை நடப்பதைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்க்க உதவும், பைத்தான் என்ற கணினி மொழிக்கான, 2002 முதல் இருக்கும் இலவச நூலகம். இழுத்துப் போட்டு வரையும் திரையெல்லாம் கிடையாது, எல்லாமே கோடிங்தான்.

ஒவ்வொரு ஆர்டரும் நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று இடம் கேட்டு, காத்திருந்து, நகரும். ஆறு மாத ஓட்டத்தைச் சில நொடியில் பார்த்துவிடலாம்.

முதல் வருடமே சூடு பட்டேன். டையிங்குக்குக் குறைந்தது 3 நாள், வழக்கமாக 5, மோசமானால் 12 என்று முக்கோணப் பரவலில் (இந்த மூன்று எண்ணை வைத்து ஒவ்வொரு முறையும் நாட்களைத் தற்செயலாக எடுக்கும் முறை) போட்டேன். நம்பை என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தில் எண்களைக் கொடுக்கும் வரிசை அதுதான். பைத்தானோடு சேர்ந்தே வரும் ரேண்டம் என்ற பகுதியிலோ குறைந்தது, அதிகம், வழக்கம். நான் ரேண்டமுக்கு 3, 5, 12 என்றே கொடுத்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் எத்தனை முறை ஓட்டினாலும் டையிங் ஏழேகால் நாளைத் தாண்டவில்லை. அதை நம்பி பையருக்குத் தேதி சொன்னோம். சரக்கு கடைசியில் விமானத்தில் போனது.

அடுத்த தொல்லை தீபாவளி. ஊருக்குப் போன டெய்லர்களில் பாதிப் பேர் பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள். சிம்பையில் ஒரு ரிசோர்ஸுக்கு (ஆர்டர்கள் காத்திருந்து பிடிக்கும் வசதி) 40 மெஷின் என்று சொல்லிவிட்டால் நடுவில் குறைக்க வழியில்லை. அதனால் பேய் டெய்லர்களை உருவாக்கினேன்: அதிக முன்னுரிமையோடு வந்து மெஷினைப் பிடித்துக்கொண்டு, பத்து நாள் எதுவும் தைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒட்டு வேலைதான், ஆனால் நன்றாகவே ஓடுகிறது.

ஆட்கள் நிலைமைக்குத் தகுந்தபடி வேலையை மாற்றிக்கொள்வதைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. துணி வராத மூன்று நாளும் கட்டிங் சும்மா இருப்பதாக மாடல் காட்டியது. கட்டிங் மாஸ்டரிடம் காட்டினேன். "துணி வரலைன்னா நான் சும்மாவா உக்காந்திருப்பேன் தம்பி? கையில இருக்கற சின்ன ஆர்டரைப் போட்டுருவேன்" என்றார். இது எந்தப் படத்திலும் இல்லை. அதை விதியாக எழுதியதும் கட்டிங் தாமதம் குறைந்தது. ஆனால் தையலில் ஸ்டைல் மாறும்போது முதல் நாள் பீஸ் குறையுமே, அதையும் சேர்த்தபோது மிகச் சின்ன ஆர்டர்களுக்கு மாற்றியது நஷ்டமாகவே வந்தது. மாஸ்டர் இதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, டேபிளில் ஆள் சும்மா நின்றால் மறுநாள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அதை நான் இன்னும் மாடலில் சேர்க்கவில்லை.

பைத்தான் எழுதத் தெரிந்தவர் ஒருவர் கம்பெனியில் நிலையாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். போன வருடம் நான் இரண்டு வாரம் லீவில் இருந்தபோது டையிங் நாட்களை மாற்ற ஆளில்லாமல் மாடல் பழைய எண்களிலேயே ஓடியிருக்கிறது.