சேலம் வெயிலில் 200 பார்: பிசிபி ஏர் ரைஃபிளின் சிலிண்டரும் பெல்லட்டும்

10 மீட்டர் மேட்ச் வகை பிசிபி ஏர் ரைஃபிள் (சிலிண்டரில் முன்கூட்டியே காற்றை அழுத்தி நிரப்பிச் சுடுவது), 4.5 மி.மீ. சேலத்திலும் ஏற்காட்டிலும் பல வருடங்கள் ஓடிய பிறகு எழுதும் குறிப்பு இது. துல்லியத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொந்தரவு வந்தால் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று சிலிண்டரின் அழுத்தம், இன்னொன்று பேரலுக்கு (குழலுக்கு) ஒத்துப்போகாத பெல்லட், அதாவது ஈயக் குண்டு.

சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று பொறித்திருந்தால் அதுதான் உச்ச வரம்பு. பக்கத்திலேயே பொறித்திருக்கும் சோதனை அழுத்தம் அதைவிட அதிகம். ஆனால் அது தொழிற்சாலைச் சோதனைக்கான எண், காற்று நிரப்புவதற்கு அல்ல. பலரும் மறப்பது வெப்பநிலையை. ஏற்காட்டில் 15 டிகிரி காலையில் சரியாக 200 பார் நிரப்பிக் கீழே இறங்கினால், சேலத்தில் 40 டிகிரியில் அதே காற்று சுமார் 217 பார் காட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரி வந்துவிட்டால் 230-ஐத் தாண்டும். ஆகவே மலையில் நிரப்பினால் 170 பாரோடு நிறுத்திவிடுங்கள். எதிர்த்திசையில் பயமில்லை. சேலத்தில் 38 டிகிரியில் 200 நிரப்பி இருபது ஊசி வளைவும் ஏறி மேலே போனால் அழுத்தமானியின் முள் 185-க்கு இறங்கியிருக்கும். கசிவு என்று நினைத்து ஓ-ரிங்கை (காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தை) கழற்ற வேண்டாம். நிஜமான கசிவு என்றால் ஒரே வெப்பநிலையில் ஒரு ராத்திரி வைத்தாலும் முள் இறங்கும். வால்வு வாயில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

வேகமாக நிரப்பினாலும் இதே கணக்குதான். பெரிய சிலிண்டரிலிருந்து வால்வை அகலத் திறந்தால் உள்ளே காற்று சூடாகி 200 காட்டும், ஆறியதும் குறையும். உடனே இன்னும் கொஞ்சம் ஏற்றுவது பலரின் பழக்கம். முதலிலிருந்தே மெதுவாக நிரப்புவதே மேல். ஹேண்ட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் கொஞ்சம் சோதனை. ஈரம் காற்றோடு சேர்ந்து உள்ளே போய் வால்வையும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரையும் அரிக்கும். ஈரம் வடிகட்டும் பில்டர் இல்லாமல் பம்பைத் தொடாதீர்கள்; ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பம்ப் அடிக்கவே வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது தற்கொலைக்குச் சமம்: துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான். தையல் மிஷின் எண்ணெய் ஆகாது.

கீழ் வரம்பும் ஒன்று உண்டு. ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்குக் கீழே சிலிண்டர் போனதும் ரைஃபிள் சுடத்தான் செய்யும், ஆனால் வேகம் படிப்படியாகக் குறைந்து இலக்கு அட்டையில் ஓட்டைகள் நேராகக் கீழே இறங்கும். இடவலமாகச் சிதறாமல் மேல்கீழாக மட்டும் நீண்டால் முதலில் முள்ளைப் பாருங்கள், அப்புறம் சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருகலாம்.

இனி பெல்லட். 10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். அதுதான் அட்டையில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். பெட்டியில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு இருக்கும். விலை அதிகமானதுதான் நல்லது என்பதில்லை, எது சரி என்பதை பேரல்தான் சொல்லும். ரைஃபிளை வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கி ஒவ்வொரு அளவிலும் 10 ஷாட் சுடுங்கள். பத்தும் சேர்ந்த ஓட்டை, வெளிவிளிம்பு அளவில் 6-7 மி.மீ.க்குள் அடங்கினால் அது பொருந்துகிறது. அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டமே அரை மி.மீ. என்பதால் இங்கே கஞ்சத்தனம் கூடாது. பிடித்த பெல்லட்டின் பேட்ச் எண்ணைக் குறித்துவைத்து அதே பேட்சில் மொத்தமாக வாங்குங்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 என்ற பெல்லட் வாங்கினால் 0.53 கிராம் ரைஃபிளுக்கு, 0.45 கிராம் பிஸ்டலுக்கு; கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. இரும்பு குண்டு எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள், பேரலுக்குள் வெட்டிய சுழல் வரி தேய்ந்தால் திரும்ப வராது.

0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் சக்தி சுமார் 7.7 ஜூல். லைசென்ஸ் தேவையில்லாத வரம்பு 20 ஜூல், 4.5 மி.மீ. வரம்பு வரை இடமிருக்கிறதே என்று வேகத்தைக் கூட்ட ஸ்பிரிங்கைத் திருகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். 10 மீட்டரில் அதனால் ஒரு புள்ளிகூட ஏறாது, காற்றுதான் வீணாகும்.

பெல்லட் டப்பாவை ஏற்காட்டில் திறந்து வைத்தால் ஈயம் வெள்ளைத் தூள் பூக்கும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடுங்கள். அந்தத் தூள் ஒட்டிய கையோடு டீ, பஜ்ஜி சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பாருங்கள். போட்டிகளில் தேதி தாண்டாத சிலிண்டரோடு வருவது வீரரின் பொறுப்பு. பழையது வாங்கினால் விலை பேசுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.