விளக்கு மாற்றியதும் மேசையை நகர்த்தியதும்: ஒரு செம்பூர் ஃப்ளாட் அனுபவம்

மும்பை செம்பூரில் நாங்கள் இருப்பது முதல் மாடி. மூன்று பக்கமும் அடுத்தடுத்த கட்டடங்களின் சுவர், கிழக்கே மட்டும் கொஞ்சம் வானம். பகலிலும் ஹாலில் ட்யூப்லைட் எரிந்தாக வேண்டும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். போன வருஷ மழைக்காலத்துக்கு முன்பு விளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினோம். எது உருப்படி, எது தண்டம் என்று இப்போது சொல்ல முடியும்.

படுக்கையறையில் 6500 கெல்வின் வெள்ளை ட்யூபை எடுத்துவிட்டு 2700 கெல்வின் பல்பு போட்டோம். பெட்டியில் பொடி எழுத்தில் இந்த எண் இருக்கும். எண் குறைந்தால் மஞ்சள் கூடும். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லவே கண்ணுக்குள் தனியாகச் சில செல்கள் உண்டு. நீலம் கலந்த வெளிச்சம்தான் அவற்றை அதிகம் உசுப்பும். ராத்திரி வெள்ளை ட்யூபின் கீழே உட்கார்ந்திருந்தால் தூக்கத்துக்கு உடம்பைத் தயாராக்கும் மெலட்டோனின் ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். மஞ்சளுக்கு மாறியபின் பதினொரு மணிக்குள் எனக்குக் கண் சொக்குகிறது. மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. “என்னம்மா, லைட்டு இப்படி அழுது வடியுது?” என்றார். ஹால் ட்யூபைத் தொடவே விடவில்லை. சரி, சீரியல் முடிந்ததும் அதை அணைத்துவிடலாம் என்று சமரசம்.

சமையலறைக்கு மஞ்சள் ஆகாது. கீரை ஆயும்போது பழுத்த இலையே தெரியவில்லை. அங்கே 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு, முழு மதிப்பு 100) 90 உள்ள பல்பு. விலை கூடுதல், ஆனால் தகும்.

கணவர் மலிவாக வாங்கிவந்த பெயரில்லாத எல்இடி ஒன்றை மேசைக்கு மேல் மாட்டியிருந்தார். சாயங்காலமானால் எனக்கு நெற்றிப்பொட்டு தெறிக்கும். செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; ஒரு சுற்றில் இரண்டு ஏற்ற இறக்கம். பல்புக்குள் கரன்டைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சர்க்யூட் மட்டமாக இருந்தால் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். இப்போது கடையிலேயே எரியவிட்டு, கேமராவில் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

ஆப்பில் நிறம் மாற்றும் ஸ்மார்ட் பல்பு சுத்தத் தண்டம். யாராவது சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆப் என்ன செய்யும்?

இத்தனை வாங்கியும், பகல் தூக்கக் கலக்கத்தைக் குறைத்தது காசு செலவில்லாத ஒன்று: மேசையைக் கிழக்கு ஜன்னலோரம் நகர்த்தியது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் காட்டும் போன் ஆப் துல்லியமில்லைதான், ஆனாலும் வித்தியாசம் புரியும். ட்யூபின் கீழே இருநூறைத் தாண்டாத எண், ஜூலை மேகமூட்டத்திலும் ஜன்னலோரம் ஆயிரத்துக்கு மேல் போனது. மொட்டைமாடியில் பல ஆயிரம். காலைக் காபியை இப்போது மாடியில்தான் குடிக்கிறேன்.

மாமனாருக்கு வைட்டமின் டி குறைவு. “தினமும் வெயில்லதானேம்மா உட்கார்றேன்” என்பார். உட்காருவது கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில். வைட்டமின் டி உண்டாக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்துவைத்து உட்காருகிறார். மாத்திரையும் தொடர்கிறது.

இப்போது கிழக்குப் பக்கத்துப் பழைய கட்டடமும் ரீடெவலப்மென்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறதாம். இருபது மாடி என்கிறார்கள். அது எழும்பினால் மேசையை எங்கே போடுவது என்று வீட்டில் தினமும் பேச்சு.