ஐம்பது சதவீத ஸ்காலர்ஷிப்பா, கவுன்சிலிங் சீட்டா?

மூத்த மகளுக்கு இன்ஜினியரிங் சேர்க்கை நேரத்தில் எங்கள் முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம்: கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐம்பது சதவீத ஸ்காலர்ஷிப். இன்னொன்று, தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ கவுன்சிலிங்கில் கிடைத்த அரசு பொறியியல் கல்லூரி: ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகையோடு. அரசு கல்லூரியில்தான் சேர்த்தோம். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டடம், லேப், வைஃபை இதிலெல்லாம் தனியார் பக்கம்தான் மேல். ஒரு சுற்று சுற்றி வந்தாலே தெரிந்துவிடும். அரசு கல்லூரியில் செலவு குறைவு என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். நான் பேச நினைப்பது அந்த 'ஐம்பது சதவீதம்' பற்றி.

எதில் ஐம்பது? அந்தப் பல்கலைக்கழகம் தந்த கடிதத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 50% என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் விவரம்: டியூஷன் ஃபீஸில் மட்டும். டியூஷன் வருடத்துக்கு 2,40,000 ரூபாய். ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1,35,000. 'இதர கட்டணங்கள்' 35,000. மொத்தம் 4,10,000. இதில் கழிவது 1,20,000 மட்டும். மொத்தச் செலவில் முப்பது சதவீதம்கூட வரவில்லை. வருடம் 2,90,000 நாம் கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு 11,60,000. ஹாஸ்டல் கட்டணம் ஏறாமல் இருந்தால் இது.

சரி, அதுவும் கட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். என்னைத் தடுத்து நிறுத்தியது கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரி. ஸ்காலர்ஷிப் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும், சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து 10க்குப் போடும் சராசரி) 8.5க்குக் குறையக் கூடாது, அரியர் இருக்கக் கூடாது. சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவரிடம், "சார், ஒரு பேப்பர் போயிட்டா என்னாகும்?" என்று கேட்டேன். "உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு, அதெல்லாம் வராது சார்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே. திரும்பக் கேட்டதும், அந்த வருடத்திலிருந்து முழுக் கட்டணம் என்றார். ஒரு தடவை போனால் அடுத்த வருடம் மார்க் ஏறினாலும் திரும்பி வராது.

முதல் வருடத்தோடு ஸ்காலர்ஷிப் போனால் மீதி மூன்று வருடமும் 4,10,000 வீதம். மொத்தம் 15,20,000 ஆகிவிடும். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைதானே, 8.5 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அங்கே கிரேடிங் ஒப்பீட்டு முறையில் போடுகிறார்கள். வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இவளுக்கு கிரேடு. ஸ்காலர்ஷிப் வாங்கி வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து போட்டி போட்டால் சிலர் கீழே வந்துதான் ஆக வேண்டும். காய்ச்சலோடு எழுதிய ஒரு பரீட்சைக்கு விலை லட்சக்கணக்கில் என்பது எனக்குச் சரிப்படவில்லை.

கடன் விஷயமும் இதோடு சேர்ந்துவருகிறது. கல்விக் கடன் 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்க வழி உண்டு. அதற்கு மேல் போனால் பொதுவாக வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். எங்களுக்கு இருப்பது குடியிருக்கும் வீடு ஒன்றுதான். அது மட்டுமில்லை, கல்லூரி தரும் கட்டணப் பட்டியலை வைத்துத்தான் நான்கு வருடத்துக்கும் கடன் தொகையை முடிவு செய்கிறார்கள். நடுவில் ஸ்காலர்ஷிப் போனால் திரும்ப வங்கி வாசலில் போய் நிற்க வேண்டும்.

அரசு கல்லூரிப் பக்கம் கணக்கு எளிது. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எங்களுக்கு 60,000 பக்கம் ஆகிறது. மெஸ் டிவைடிங் சிஸ்டம், அதாவது ஆன செலவைச் சாப்பிடுபவர்கள் பங்கிட்டுக்கொள்வது என்பதால் மாதத்துக்கு மாதம் பில் கூடும், குறையும். முதல் பட்டதாரி சலுகைக்கு மார்க் நிபந்தனை இல்லை. தாத்தா பாட்டி, பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. தாசில்தார் அலுவலகத்தில் தரும் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கவுன்சிலிங் தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே வாங்கி வைப்பது நல்லது. இந்தச் சலுகை டிஎன்இஏ என்ற ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் சேருபவர்களுக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சிலிங்கிலேயே இல்லை. எனவே அங்கே போனால் இதை விட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக்குப் பொருந்தாத சிலவும் உண்டு, உங்களுக்குப் பொருந்தலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் டியூஷன், ஹாஸ்டல் இரண்டையும் அரசே கட்டுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஐம்பது சதவீத ஸ்காலர்ஷிப்பை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எஸ்சி, எஸ்டி மாணவர்கள் மேனேஜ்மென்ட் கோட்டாவில் (கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடங்களில்) சேரும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் அந்த இடங்களுக்குக் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) தரும் பிரகதி ஸ்காலர்ஷிப் வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மார்க் அடிப்படையில் தேர்வு என்பதால் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கணக்கில் சேர்க்காமலே முடிவெடுத்தோம்.

தனியார் பக்கம் இன்னொரு நெருக்கடி தேதி. கவுன்சிலிங் முடிவு தெரியும் முன்பே பணம் கட்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்பார்கள். அவசரப்படுத்தும்போது புதுப்பிக்கும் நிபந்தனையை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசியவர்கள் எழுதும்போது கவனமாக எழுதுவார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி என்னால் அழுத்திச் சொல்ல முடியாது. மகளுக்கு கேம்பஸ் இன்டர்வியூ இனிமேல்தான். கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டு ஈசிஇ எடுத்ததில் அவளுக்கு முதலில் மனக்குறை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அங்கே போயிருந்தால் கோடிங் பயிற்சி நன்றாகக் கிடைத்திருக்கலாம். இங்கே அதை அவளே ஆன்லைனில் தேடிப் படிக்கிறாள். ஹாஸ்டல், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம் என்று ஒரு நல்ல தனியார் பல்கலைக்கழகம் கொடுத்தால் நானும் அந்தப் பக்கம்தான் போயிருப்பேன். வேலூரில் உள்ள தனியார் பல்கலைக்கழகமான விஐடியில் ஸ்டார்ஸ் என்ற திட்டத்தில் கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

அடுத்து இளையவன், பிளஸ் ஒன் படிக்கிறான். முதல் பட்டதாரி சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அதை அக்கா வாங்கிவிட்டாள். அவனுக்கு இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.