பழைய பிக்கப்புக்கு மாற்றுக் கதவுப் பூட்டு: வாங்கலாமா?

கதவுப் பூட்டு தேய்ந்து, எந்தச் சாவிக்கும் திறந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்ட பழைய பிக்கப்புக்காக, ஒரே சாவியில் இயங்கும் இரண்டு சிலிண்டர்கள் (சாவியைச் செருகித் திருப்பும் பூட்டு உருளைகள்) கொண்ட மாற்றுச் செட் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அளவு அச்சாகப் பொருந்தியது. கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டால், சிலிண்டரைப் பிடித்திருக்கும் லாட வடிவக் கிளிப் கைக்கு எட்டும். அதைத் தள்ளி எடுத்து, தாழுக்குச் செல்லும் கம்பியை விடுவித்தால் பழைய பூட்டு வெளியே வந்துவிடும். அந்தக் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கிதான் வில்லங்கம்: பல வருட வெயிலில் காய்ந்த அது தொட்டாலே ஒடிகிறது, செட்டிலோ அதற்கு மாற்று இல்லை. இரண்டு கொக்கிகளைச் சேர்த்துக் கொடுத்தால் தயாரிப்பாளருக்கு என்ன குறைந்துவிடும்?

கதவுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என இரண்டு சாவிகளைச் சுமக்க நேர்வது அடுத்த குறை. இதைத் தவிர்க்க விரும்புவோர், புதிய சிலிண்டருக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளை இக்னிஷன் சாவியின் வெட்டுகளுக்கேற்ப மாற்றி அடுக்க வேண்டும். சாவியைச் செருகியதும் எல்லாத் தகடுகளும் சிலிண்டரின் மேற்பரப்போடு சமமாக அமர்ந்தால்தான் அது சுழலும். ஒரு தகடு மயிரிழை துருத்தினாலும் திரும்பாது. குட்டி ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும் என்பதால், பொறுமையில்லாதவர்கள் இதைப் பூட்டு வேலை தெரிந்தவரிடம் விடுவது நல்லது. இக்னிஷன் சாவி தேய்ந்திருந்தால், அதைப் பார்த்து நகல் எடுக்காமல், அதன் வெட்டுகளைக் குறிக்கும் சாவி எண்ணை வைத்துப் புதிதாக வெட்டச் சொல்லுங்கள். மற்றபடி, பூட்டு இறுக்கமாகவும் சத்தமின்றியும் இயங்குகிறது. கொக்கிகளைத் தனியே வாங்கிக்கொள்ளத் தயாரென்றால் தாராளமாக வாங்கலாம்.